எக்ஸ்பிரஸ் சாமி

ஒன்பது அடித்தாயிற்று. சனிக்கிழமை ராகு காலம் தொடங்கிவிட்டது, இனி பத்தரை வரைக்கும் கீழ்வீட்டு வள்ளிக்கண்ணு அக்கா மாடிப்படி ஏறமாட்டாள். நேற்றே குழாயடியில் சொல்லிவிட்டாள், "ராகு காலம் கழிச்சு வந்து காணிக்கை முடிச்சைக் குடுத்துர்றேன் சாமி, எங்கயும் போயிராதீங்க" என்று. வேறே எங்கே போகப்போகிறேன். ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் பழனிக்கு நடந்து போகிற இந்த வழியைப் போட்டு முடித்துவிட வேண்டும். மேஜை மேல் நாலைந்து வரைபடங்களை ஒட்டுப்போட்டு விரித்து, நான்கு மூலையிலும் டம்ளரும் செம்பும் வைத்திருக்கிறேன், மின்விசிறி போடவில்லை, போட்டால் பறக்கும். நில அளவை ஆபீசில் இருபத்தாறு வருஷமாக வரைவாளர் உத்தியோகம். வண்டிப்பாதை, ஓடைக்கரை, களம், ஊருணி, எல்லாம் கை தானாகப் போடும். எத்தனை ஆயிரம் பாதை போட்டிருப்பேன், ஒன்றிலாவது கால் வைத்திருக்கிறேனா என்றால் இல்லை. மணப்பாறையிலிருந்து பழனிக்குப் போகிற ஜனம் முழுக்க வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை, திண்டுக்கல் என்று தார்ரோட்டில்தான் போகும். எனக்கு அந்த ரோடு வேண்டாம். நேர் மேற்கே கடவூர் மலையைப் பிடித்து, அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் இறங்கி, வேடசந்தூருக்குக் கீழே குடகனாற்றைத் தாண்டி ஒட்டன்சத்திரம். நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். ஐந்து நாள். பந்தல் கிடையாது, மைக் செட் கிடையாது, மோர் கொடுக்கிறவன் கிடையாது, காலில் விழுகிறவனும் கிடையாது. அதுதான் வேண்டும். எல்லாரும் எனக்கு இது நாலாவது நடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மங்களம் அப்படித்தான் நினைக்கிறாள், கட்டிய பெண்டாட்டி. இது எனக்கு முதல் நடை. சொல்லிப் பார்த்தால் எவ்வளவு சின்ன வாக்கியம், எனக்குள்ளே மட்டும் சொல்லும்போதே முகம் சுடுகிறது.

முதல் வருஷம் நான் ஏமாற்ற நினைத்துப் போகவில்லை. அது சத்தியம். சத்தியம் என்று யாரிடம் சொல்கிறேன், இங்கே யார் இருக்கிறார்கள். மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, அழகுமலை குருசாமி குழுவில் இருபத்திரண்டாவது ஆளாகக் கிளம்பினேன். கால் அடியில் கொப்புளம் வையம்பட்டிக்கு முன்னாடியே வந்துவிட்டது, உடைந்தும் விட்டது. மெதுவா வாங்க சாமி, ராத்திரி தங்குற எடத்துல பாத்துக்கலாம் என்று குருசாமி சொல்லிவிட்டு முன்னாடி போனார், அரோகரா சத்தம் தூரத்தில் போய்த் தேய்ந்தது. உட்கார ஒரு இடம் வேண்டும் என்றுதான் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். பஸ் ஏற அல்ல. உட்காரத்தான். திண்டுக்கல் பஸ் ஒன்று தானாக வந்து நின்றது, நான் கை காட்டவில்லை. கண்டக்டர் படியிலிருந்து குனிந்து என் காலைப் பார்த்தார், "ஏறுங்க சாமி, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்று கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தேன். மூன்று வருஷமாக இந்த இடத்துக்கு வந்து வந்து நிற்கிறேன், பஸ்ஸை நான் நிறுத்தவில்லை, பஸ்ஸை நான் நிறுத்தவில்லை என்று. சரி, நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் யார் நிறுத்தியது. அதற்கு அடுத்த வருஷம், கிளம்பும்போதே பையில் குளிருக்கு ஸ்வெட்டரும் லாட்ஜில் போட்டுக்கொள்ள லுங்கியும் மடித்து வைத்தது யார், கண்டக்டரா.

திண்டுக்கல்லில் ரூம் போட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். டிவி பார்த்தேன். கழுத்தில் மாலையோடு பரோட்டா சாப்பிட்டேன், ஊற்றிய சால்னாவைக் காய்கறிக் குருமா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், நாக்குக்குத் தெரியாதா என்ன. மூன்றாம் நாள் பழனிக்கு பஸ் ஏறி, அடிவாரத்தில் இறங்கி, அங்கேதான், அதை நினைத்தால் இப்போதுகூட உடம்பு கூசுகிறது, கால் சுத்தமாக இருக்கிறதே என்று செருப்பில்லாமல் கிரி வீதியை இரண்டு சுற்று சுற்றினேன். பிரார்த்தனைக்கு இல்லை. அழுக்குக்கு. குழு வந்து சேர்ந்தபோது எல்லார் பாதத்திலும் துணிக்கட்டு, ஒருவர் இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறார்கள், நான் படிக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அழகுமலை குருசாமி, அறுபத்தாறு வயது மனிதர், "எங்களுக்கு முந்தி வந்து ஒக்காந்திருக்காரு பாரு, எக்ஸ்பிரஸ்ஸு" என்று சொல்லிக்கொண்டே என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிரி வீதிப் புழுதி அவர் இமையில் ஒட்டியது. அப்புறம் எங்கே வாயைத் திறப்பது. அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் சாமி. ஊரில் டீக்கடையில், ஆபீசில், ஏன் தாசில்தாரே ஒரு நாள், "என்ன எக்ஸ்பிரஸ், இந்த வருஷம் எத்தனை மணி நேரம்" என்றார். மென்று முழுங்கிச் சிரித்தேன். இரண்டாம் வருஷம் லாட்ஜ்காரர் என்னைக் கண்டதுமே சாவியை எடுத்து நீட்டினார், "வழக்கமான ரூம்தானே சாமி." வழக்கம். மனுஷனுக்கு எது எதுவெல்லாம் வழக்கமாகிவிடுகிறது. திண்டுக்கல் வழியாக நான் இனி எப்படிப் போவேன், அந்த ஆள் வாசலில் நின்று கூப்பிட்டுவிடுவாரே. குழுவோடு போகலாம் என்றாலும் முடியாது, எக்ஸ்பிரஸ் சாமி முதல் ஊரிலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். அதனால்தான் கடவூர். அமைதியாக நடக்கணும், தனியா நடக்கணும்னு ஒரு எண்ணம் குருசாமி என்று சொல்லிவிட்டேன், அவர் அதற்கும் கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் எதைச் சொன்னாலும் பக்தி ஆகிவிடுகிறது.

இதெல்லாம் போகட்டும். இதெல்லாம் என்னோடு போகிற வெட்கம். பாதயாத்திரையில் நாலு பேர் இடையில் பஸ் ஏறுவதில்லையா, ஏறுகிறார்கள், சொல்லிவிட்டு ஏறுகிறார்கள், ஒருவரும் ஒன்றும் நினைப்பதில்லை. வள்ளிக்கண்ணு அக்கா விஷயம் அப்படி இல்லை. அவள் புருஷன் சடையப்பன், மாட்டுத் தரகர். மணப்பாறைச் சந்தையில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசினால் அவர் விரல்தான் என்பார்கள். சந்தைக்குச் சந்தை மாட்டோடு நடந்தே போனவர். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. நான் முதல் தடவை மாலை போட்டேன் என்றதும் அக்கா ஓடி வந்தாள். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சு, உள்ளே வெள்ளியில் ஒரு கால், என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. "பஸ்ஸுல போற காணிக்கைன்னா நானே போயி உண்டியல்ல போட்டுட்டு வந்துருவேன் சாமி. நடந்து போகணும். நடக்க முடியாத மனுசனுக்குக் கால் கேக்குறோம், அந்தக் கால் நடந்து போயித்தானே கேக்கணும். தரையில மட்டும் வச்சிராதீங்க." தரையில் வைக்கவில்லை. லாட்ஜ் தலையணைக்கு அடியில் வைத்தேன். தரையில் வைக்கவில்லை, அந்த ஒரு சொல்லை மட்டும் காப்பாற்றினேன் என்று அன்று ராத்திரி ஒரு திருப்தி வேறு. சீ. மூன்று வருஷம், மூன்று வெள்ளிக் கால், மூன்றும் பஸ்ஸில் போயின. சடையப்பன் அண்ணன் கால் அப்படியே கிடக்கிறது. நான் நடந்திருந்தால் எழுந்திருப்பாரா, டாக்டரே கையை விரித்துவிட்டார், அது எனக்கும் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷம் சோறு இறங்கியது. ஆனால் அவள் டாக்டரைக் குறை சொல்லவில்லை, முருகனைச் சொல்லவில்லை. தன்னைச் சொல்லிக்கொண்டாள். முதல் வருஷம், "முடிச்சுப் போடறப்பத் தும்மிட்டேன் தம்பி, அதான்" என்றாள். மறு வருஷம் பக்கத்துத் தெருவில் சாவு, தீட்டு ஒட்டிக்கொண்டதாம். போன வருஷம் படியில் நின்று ரகசியம் மாதிரி சொன்னாள், "குடுக்கிறப்ப மனசுல ஒரு சந்தேகம் வந்துருச்சு தம்பி. ஒரு நொடிதான். இது பலிக்குமான்னு. அவனுக்குத் தெரியாமப் போகுமா." அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா. "சந்தேகப்படக் கூடாதுக்கா" என்றேன். நான். எடுத்துச் சொன்னேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மணி ஒன்பதே முக்கால். கடவூருக்கு உள்ளே எத்தனை தூரம் காடு என்று பார்க்க வேண்டும். தேவாங்கு இருக்கும் என்கிறார்கள், அது பாவம், ஒன்றும் செய்யாது. நாய்தான் பயம். தோட்டத்து நாய்கள் வேற்றாளைக் கண்டால் விடாது, கையில் குச்சி வைத்துக்கொள்ளலாம், மாலை போட்டவன் நாயை அடிக்கலாமா, சும்மா காட்டலாம். நெஞ்சு வலி வந்தால். ஐம்பதை நெருங்குகிற வயதில் வராது என்று என்ன நிச்சயம், வரைபடத்தில் இந்த இடத்தில் வீட்டுக் குறியே இல்லை, யார் வந்து பார்ப்பார்கள். போன வாரம் விடியலில் ஆறு கிலோமீட்டர் நடந்து பார்த்தேன், இரண்டு நாள் ஆபீசில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எக்ஸ்பிரஸ்ஸுக்கு என்னாச்சு என்று சிரித்தார்கள். முதல் நாள் இருபது, இரண்டாம் நாள் மலை ஏற்றம், அதனால் பதினைந்து, மூன்றாம் நாள், இது என்ன, வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறேன். ஏழு நாற்பது, நாலு பதினைந்து. என் கையெழுத்து. அடப்பாவி. கடவூர் மினிபஸ் நேரம். வியாழக்கிழமை ஆபீசில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், காது கேட்டிருக்கிறது, கை எழுதியிருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. ஆளில்லாத வழி என்று தேடித் தேடிப் போட்டேனே, எதற்கு, வெட்கத்தில் என்று நினைத்தேன், ஆளில்லாத வழியில் பஸ் ஏறினால் பார்க்கவும் ஆளில்லை. அழிரப்பரை எடுத்துத் தேய்க்கிறேன். பென்சில் போகிறது, அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை. இல்லை, இந்தத் தடவை நடப்பேன். நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நாலாவது கால் மற்ற மூன்றுக்கும் சேர்த்து நடந்துவிடும், கணக்கு நேராகிவிடும், இதுதான் என் திட்டம், மூன்று மாதமாக இதைத்தான் அடைகாக்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை மங்களம் வந்து சொன்னாள், "கீழ அக்கா மண்சோறு சாப்பிடுதுங்க. கோயில் தரையக் கழுவி, வெறுந்தரையில சோத்தப் போட்டு. தான் செஞ்ச குத்தம் என்னன்னு தெரியலையாம், தெரியாமச் செஞ்சிருந்தா மன்னிச்சுருன்னு." மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இலையில் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். ரசம் கொஞ்சம் ஊற்று என்றுகூடச் சொன்னேன். நான் நடந்து என் பாவத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன், அவள் செய்யாத குற்றத்தை யார் கழுவுவது. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் திட்டம் சிக்கிக்கொள்கிறது, திரும்ப முதல் நாள் இருபது கிலோமீட்டருக்கு வந்துவிடுகிறேன். அண்ணனுக்கு வேறு தெரியும் என்று ஒரு பயம். மாட்டுக் குளம்பைப் பார்த்தே எத்தனை மைல் நடந்து வந்தது என்று சொல்கிற ஆள். முதல் வருஷம் பஞ்சாமிர்தம் கொடுக்கப் போனபோது கட்டிலில் படுத்தபடி என் பாதத்தையே பார்த்தார், நான் பாதத்தை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குழறுகிற வாய் என்பதால் சொல்லவில்லையா, இல்லை, பெண்டாட்டி வாசலில் சந்தோஷமாக நிற்கிறாளே என்று சொல்லவில்லையா. பஞ்சாமிர்தத்தை மட்டும் தொடவில்லை.

படியில் காலடி. பத்தரை ஆகிவிட்டதா. ஆகி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. வரைபடத்தைச் சுருட்டினேன், டம்ளர் உருண்டது. வள்ளிக்கண்ணு அக்கா வாசலில் நின்றாள், தலைக்குக் குளித்து ஈரத் துண்டைச் சுற்றியிருந்தாள். கையில் பித்தளைத் தட்டு, தட்டில் வெற்றிலை, வெற்றிலை மேல் மஞ்சள் முடிச்சு. மற்ற வருஷங்களில் முடிச்சைத் தானே எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தன் விரல்களால் மூடுவாள். இந்தத் தடவை தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்களே எடுத்துக்கங்க சாமி. நான் தொடல."

"ஏன்க்கா?"

"எங்க நாத்தனார வரச்சொல்லி முடிச்சுப் போடச் சொன்னேன். கடையில போயி வாங்கினதும் அவதான். என் கைதான் ராசியில்லாத கை. மூணு வருசமா அந்த மனுசன நான்தான் படுக்க வச்சிருக்கேன் போல."

அழவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். தட்டின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருந்தாள், முடிச்சுக்கு எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. எடுத்துக்கொள், எடுத்துக்கொண்டு நடந்துவிடு, ஐந்தே நாள், நாக்கை அடக்கு என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், கண்டக்டர் கை மாதிரி ஒரு கை நீட்டி. எடுக்கப் போன என் விரல் வெற்றிலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அக்கா, நான் நடக்கல."

"கெளம்ப இன்னும் நாலு நாள் இருக்கே சாமி."

"இந்த வருஷம் இல்லக்கா. மூணு வருஷமும். வையம்பட்டியில பஸ் ஏறிட்டேன். திண்டுக்கல்லுல ரூம் போட்டுத் தங்கிட்டு மறுபடி பஸ்ஸுலதான் பழனி போனேன். உங்க முடிச்சு மூணும் பஸ்ஸுலதான் போச்சு. ஒரு தடவைகூட நடக்கல. உங்க கையில ஒண்ணும் இல்லக்கா. தும்மல் இல்ல, தீட்டு இல்ல. நான்தான்."

சொல்லி முடித்துவிட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். நிஜமாகவே, அடிப்பாள் என்று. அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் சுவரில் யாரோ நிற்கிற மாதிரி பார்த்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது.

"நடக்கலையா."

"இல்லக்கா."

"அப்ப..." தட்டை மேஜையில் வைத்தாள். "அப்ப அவன் இல்லைன்னு சொல்லலையா?"

எனக்குப் புரியவில்லை.

"மூணு வருசமா முருகன் இல்லைன்னு சொல்லிட்டான்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். அவன்கிட்ட யாரும் போயிக் கேக்கவே இல்லையா? நம்ம சேதி அவனுக்குப் போகவே இல்லையா?"

சிரித்தாள். அந்த முகத்தில் நாலு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு, கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் கொட்டிக்கொண்டே சிரித்தாள். முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தன் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே முடிச்சை எடுத்து, நாத்தனார் போட்ட கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்து, வெள்ளிக் காலைக் கண்ணில் ஒற்றி, மறுபடி தானே இறுக்கிக் கட்டினாள். என் பக்கம் நீட்டுவாள் என்று கை தானாக முன்னால் போயிற்று. அவள் அதைக் கவனிக்கவில்லை. முடிச்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். திட்டவில்லை. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்கவில்லை. தட்டும் வெற்றிலையும் மேஜையிலேயே கிடந்தன. ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை, அவளுக்கு உரியதை மூன்று வருஷம் என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

பின்னாலேயே போய்ப் பாதிப் படியில் நின்றேன். கீழே கதவு திறந்துதான் இருந்தது, அவள் குரல் தெருவுக்கே கேட்டது. "ஏங்க, அவன் இல்லைன்னு சொல்லலீங்க. நம்ம சேதி அவன்கிட்ட இன்னும் போயே சேரலீங்க. என் மேல ஒண்ணும் இல்லீங்க." கட்டில் கிறீச்சிட்டது. எழுந்து உட்கார முயற்சி செய்கிறார் போல. இப்போது என் பேர் வரும், இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. சடையப்பன் அண்ணன் குழறிக் குழறிக் கேட்டதுதான் காதில் விழுந்தது.

"இந்த வருசம் யாரு கொண்டு போறது?"

நான் படியில்தான் நின்றிருந்தேன், ஆறு படி இறங்கினால் அந்த வாசல். கழுத்தில் மாலை இருந்தது, கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.